பூஜைக்கு நிறுத்திய சர்வர்

எங்கள் வீட்டில் அரிசி டிரம்முக்குப் பக்கத்தில் ஒரு சர்வர் ஓடுகிறது. சர்வர் என்றதும் குளிரூட்டிய அறை, வரிசையாகப் பச்சை விளக்கு என்றெல்லாம் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஏதோ ஒரு மில் அலுவலகத்தில் கழித்துவிட்டு, சேலத்தில் பழைய சாமான் கடைக்கு வந்து சேர்ந்த கம்ப்யூட்டர் அது. வாங்கும்போதே பெட்டியின் ஒரு பக்கத் தகடு காணாமல் போயிருந்தது. நான் வேலை பார்க்கும் லாரி பாடி கட்டும் பட்டறையில் மிச்சம் விழுந்த தகரத்தை வெட்டி மூடினேன். கரண்டு போனாலும் நிற்காமல் ஓட வேண்டும் என்று இன்வெர்ட்டருக்கு ஒரு லாரி பேட்டரியைக் கொடுத்திருக்கிறோம். வீட்டுக்கு வருகிறவர்கள் பெட்டியின் மேல் காபி டம்ளரை வைக்கப் போவார்கள். நான் போடும் சத்தத்தில் டம்ளர் மறுபடி அவர்கள் கைக்கே போய்விடும்.

பட்டறையில் எனக்குக் கம்ப்யூட்டர் வேலை. லாரி முகப்பில் எழுதும் பெயர், பின்னால் ஒட்டும் எழுத்து எல்லாவற்றையும் நான்தான் வடிவமைத்துக் கொடுப்பேன். ஒருமுறை வைரஸ் வந்து அந்தக் கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. சரிசெய்ய வந்தவர் உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. கைப்பேசியில் தேடித் தேடிப் படித்து, ஒரு பென் டிரைவில் லினக்ஸை ஏற்றிச் செருகிப் பார்த்தேன். செத்துப்போனதாகச் சொன்ன கம்ப்யூட்டர் எழுந்து உட்கார்ந்தது. அன்று பிடித்த பைத்தியம்தான் இது.

கருப்புத் திரையில் ஒரு வரி தட்டினால் அது பதில் சொல்லும். தப்பாகத் தட்டினால் எங்கே தப்பு என்பதையும் சொல்லும். மனிதர்களில் எத்தனை பேர் அப்படி நேராகச் சொல்கிறார்கள்? இதையெல்லாம் முகம் தெரியாத யார் யாரோ உட்கார்ந்து எழுதி, வேண்டியவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள் என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மலைப்பாக இருக்கிறது. காலையில் சாதம் வேகும் நேரத்தில் சர்வரின் பதிவேட்டைத் திறந்து பார்ப்பேன். முந்தைய நாள் எந்தெந்த நாட்டிலிருந்து யார் யார் உள்ளே நுழையப் பார்த்தார்கள், எந்தக் கடவுச்சொல்லைப் போட்டுப் பார்த்தார்கள் என்று வரி வரியாக இருக்கும். திருச்செங்கோட்டுப் பக்கத்தில், அரிசி டிரம்முக்கு அருகில் கிடக்கும் ஒரு தகரப் பெட்டியின் கதவை உலகமே தட்டிப் பார்க்கிறது. பயமாக இருக்காதா என்று மகள் கேட்பாள். எனக்குப் பெருமையாகத்தான் இருக்கும்.

மகள் சேலத்தில் கல்லூரியில் படிக்கிறாள். வீட்டில் நானும் என் வீட்டுக்காரரும்தான். அவர் ரிக் வண்டியில் இருந்தவர். போர்வெல் போடும் அந்த வண்டியோடு மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று வருடத்தில் பாதி நாள் வெளியூர்தான். எழுதுவதென்றால் அவருக்கு எட்டிக்காய். அதனால் தினமும் கைப்பேசியில் பேசிப் பதிந்து அனுப்புவார். பேசி அனுப்புவதும் நேரில் பேசுவதும் ஒன்றல்ல என்பது கடைசிவரை அவர் மண்டையில் ஏறவே இல்லை. நடுவில் "கேக்குதா புள்ள?" என்று கேட்பார். கேட்டுவிட்டு நான் பதில் சொல்லட்டும் என்று சும்மா இருப்பார். பின்னால் கம்ப்ரஸர் இரைவது மட்டும் கேட்கும். நாலைந்து விநாடி கழித்து, நான் ஏதோ சொல்லிவிட்ட மாதிரி, "செரி, அப்புறம்..." என்று தொடர்வார். நானும் மகளும் அதைப் போட்டுப் போட்டுச் சிரித்திருக்கிறோம்.

இரண்டு வருடத்துக்கு முன் அவருக்குத் தொண்டையில் கட்டி வந்தது. உயிரைக் காப்பாற்ற வேண்டுமானால் குரல்வளையை எடுத்தாக வேண்டும் என்றார்கள். எடுத்தார்கள். அதன்பின் அவர் பேசுவது மேசையில்தான். ஒரு தட்டு தட்டினால் ஆமாம், இரண்டு தட்டினால் இல்லை. நீளமாகச் சொல்ல வேண்டியிருந்தால், அந்த எட்டிக்காயைக் கைப்பேசியில் தட்டித் தட்டி எழுதுவார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே நான் செய்த முதல் வேலை, வீட்டில் கிடந்த பழைய கைப்பேசிகளை எல்லாம் தோண்டி எடுத்து, அவர் பேசி அனுப்பியதில் கிடைத்ததை ஒன்றுவிடாமல் சர்வரில் ஏற்றியதுதான். அறுநூற்றுச் சொச்சம் பதிவு இருந்தது. ஏற்றி முடித்ததும் அந்தக் கைப்பேசிகளைப் பழைய சாமான் கடையில் போட்டுவிட்டேன். "வேற எங்கயாச்சும் இன்னொரு காப்பி போட்டு வைம்மா" என்றாள் மகள். என் புருஷன் குரலைக் கண்டவன் கம்ப்யூட்டரில் கொண்டுபோய் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். பெட்டிக்குள் இரண்டு டிஸ்க் இருக்கிறது, தினமும் மத்தியானம் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தானாக நகல் எடுக்க எழுதி வைத்திருக்கிறேன், உனக்கு என்ன தெரியும் என்று அவளையே அடக்கினேன். அவர் குரலை நான் ஹெட்போனில்தான் கேட்பேன். ஸ்பீக்கரில் போட்டால் அவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார்.

சர்வர் நிறுத்தாமல் ஓடி எழுநூறு நாள் தாண்டியிருந்தது. எத்தனை நாளாக ஓடுகிறாய் என்று கேட்டால் அதுவே கணக்குச் சொல்லும். அவ்வப்போது நிறுத்தி எழுப்ப வேண்டும் என்பார்கள் விவரம் தெரிந்தவர்கள். எனக்கு அந்த எண்ணின் மேல் ஆசை. அது ஒவ்வொரு நாளும் ஒன்று கூடுவதைப் பார்ப்பதில் ஒரு சுகம்.

போன ஆயுத பூஜை அன்று காலையில் அவர் சந்தனக் கிண்ணத்தோடு சர்வர் முன்னால் வந்து நின்றார். அதற்கு முந்தின வருடம் அவருக்கு உடம்பு தேறாததால் வீட்டில் பூஜையே போடவில்லை. எங்கள் பக்கத்தில் லாரியோ ரிக்கோ தறியோ எதுவானாலும் அன்றைக்கு நிறுத்திக் கழுவித் துடைத்துப் பொட்டு வைத்துவிட்டால், மறுநாள் விஜயதசமிக்கு எலுமிச்சம்பழம் வைத்துத்தான் மறுபடி எடுப்பார்கள்.

"ஏனுங்க, இது நிக்கக்கூடாதுங்க. பொட்டு மட்டும் வெச்சுட்டு உடுங்க" என்றேன்.

பெட்டியின் மேல் இரண்டு தட்டு. பிறகு கைப்பேசியை எடுத்து எழுதிக் காட்டினார். 'ஓடற மெசினுக்குப் பூச போடறதா? அதுவும் ஒரு நா ஒக்காரட்டும்.'

இருபது வருடம் ரிக்கோடு வாழ்ந்தவரிடம் இதில் வாதாட முடியாது. உண்மையைச் சொன்னால், ஒரு இயந்திரத்தை அவர் அப்படி மதித்தது எனக்குப் பிடித்தும் இருந்தது. நிறுத்தும் கட்டளையை நானே தட்டினேன். விசிறி சுற்றுவது குறைந்து குறைந்து நின்றது. வீட்டில் இத்தனை நாள் ஒரு இரைச்சல் இருந்தது அது நின்ற பிறகுதான் தெரிந்தது. அவர் காய்ந்த துணியால் துடைத்து, தகரத்தில் மூன்று சந்தனப் பொட்டு வைத்து, ஒரு முழம் செவ்வந்திப் பூவும் சாத்தினார். பொரி கடலை படைத்துக் கும்பிட்டோம்.

விஜயதசமி காலையில் குளித்துவிட்டு வந்து, எலுமிச்சம்பழத்தை வைத்துப் பொத்தானை அழுத்தினேன். விசிறி சுற்றியது. பிறகு 'டிக்' என்று ஒரு சத்தம். கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு 'டிக்'. திரையில், டிஸ்க்கைக் காணவில்லை என்று ஒரே ஒரு வரி வந்து நின்றது.

ஆனாலும் மனதுக்குள் ஒரு தைரியம் இருந்தது. அதுதான் இரண்டாவது டிஸ்க் இருக்கிறதே. அதைக் கழற்றி என் லேப்டாப்பில் மாட்டித் திறந்தேன். பழைய படங்கள் இருந்தன, பட்டறை வடிவங்கள் இருந்தன. எல்லாமே இரண்டு வருடத்துக்கு முந்தையவை. குரல் ஒன்றுகூட இல்லை.

என்ன நடந்தது என்று புரிய எனக்கு ஐந்து நிமிடம் ஆனது. லினக்ஸில் இன்னொரு டிஸ்க்கைப் பயன்படுத்த, அதை ஒரு ஃபோல்டரோடு இணைக்க வேண்டும். சர்வர் ஒவ்வொரு முறை எழும்போதும் தானாக இணைய, ஒரு வரி எழுதி வைக்க வேண்டும். அந்த வரியை நான் எழுதவே இல்லை. முதல் தடவை கையால் இணைத்ததோடு சரி. அவருடைய ஆபரேஷனுக்குச் சில வாரம் முன்பு சர்வரை ஒருமுறை நிறுத்தி எழுப்பியபோது இணைப்பு போய்விட்டது. ஃபோல்டர் மட்டும் இருந்தது. என் நகல்கள் எல்லாம் தினமும் அதே முதல் டிஸ்க்கின் இன்னொரு மூலையில் போய் விழுந்திருக்கின்றன. அடுத்த வீட்டில் பத்திரமாகக் கொடுத்து வைத்ததாக நினைத்துக்கொண்டு, என் வீட்டுப் பரண் மேலேயே வைத்திருக்கிறேன். எழுநூறு நாளில் ஒரு நாள்கூடத் திறந்து பார்க்கவில்லை.

இது புரிந்த பிறகும் என் வாய் சும்மா இருக்கவில்லை. "உங்களாலதான்! ஓடிட்டிருந்ததை நிறுத்தச் சொன்னது யாரு? இப்பத் திருப்தியா?" என்று கத்தினேன்.

அவர் ஒரு தட்டும் தட்டவில்லை, இரண்டு தட்டும் தட்டவில்லை. பதில் பேச முடியாத மனிதரிடம் கத்திவிட்டோம் என்பது அப்போதுதான் உறைத்தது. தரையிலேயே உட்கார்ந்து அழுதேன். "தப்பு என்னுதுங்க. காப்பி எடுக்கறதா நெனச்சு ஏமாந்துட்டேன். உங்க கொரலு அத்தனையும் இந்த ஒண்ணுலதான் இருக்குது" என்றேன். அவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, டிஸ்க்கைக் கொடு என்று கை நீட்டினார்.

உள்ளே என்ன இருக்கிறது என்று கையால் கேட்டார். சொன்னேன். கண்ணாடி மாதிரி வழவழப்பான தட்டு. அதன் மேல், ஒரு தலைமுடி நுழைய முடியாத இடைவெளியில், தொடாமல் பறக்கிற ஒரு சின்ன முனை. தட்டு சுற்றும்வரைதான் அது பறக்கும். இந்தப் பழைய வகையில், நின்றால் தட்டின் மேலேயே உட்கார்ந்துவிடும். இத்தனை நாள் ஓடிய சூட்டில் இருந்துவிட்டு ஒரு நாள் குளிர்ந்ததில், முனை தட்டோடு ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். அதை இழுத்துச் சுற்ற மோட்டாருக்குத் தெம்பில்லை. அந்த 'டிக்' அதுதான்.

சொல்லிக்கொண்டே வரும்போது எனக்கே புல்லரித்தது. அவர் தொண்டையிலிருந்து வந்த காற்று, சத்தீஸ்கரில் ஒரு கைப்பேசிக்குள் போய், எண்ணாக மாறி, இந்த வழவழப்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத காந்தப் புள்ளிகளாகப் படிந்து கிடக்கிறது. அத்தனை மழையும் வெயிலும், அத்தனை 'சாப்ட்டியா'வும் அந்த உள்ளங்கையளவு பெட்டிக்குள் இருந்தன.

அவர் டிஸ்க்கைக் காதருகில் வைத்துக் கேட்டார். பிறகு கைப்பேசியில் எழுதினார். 'போர்க் குழிக்குள்ள ராடு மாட்டுனாப்பல. இழுக்கப்படாது. வெடுக்குனு திருப்போணும்.'

இதே வைத்தியத்தை நானும் இணையத்தில் படித்திருந்தேன். சரியாகத் திருப்பினால் விடும், தவறினால் முனை தட்டைக் கீறி எல்லாம் போகும் என்று எழுதியிருந்தார்கள். பெரிய ஊருக்கு அனுப்பினால் சரிசெய்து தருகிறவர்கள் இருக்கிறார்கள் என்றேன். அவர் யோசித்தார். பிறகு, நானே திருப்புகிறேன் என்பதுபோல் தன் நெஞ்சில் ஒரு முறை தட்டிக்கொண்டார். குரல் அவருடையது. வேண்டாம் என்று சொல்ல எனக்கு என்ன உரிமை?

டிஸ்க்கை நீளமான ஒயரில் லேப்டாப்போடு இணைத்தேன். அவர் அதை இரண்டு கையிலும் மட்டமாகப் பிடித்தார். நான் கரண்டைக் கொடுத்ததும் மணிக்கட்டை வெடுக்கென்று திருப்பினார். 'டிக்.' நிறுத்தி மறுபடி கொடுத்தேன். 'டிக்.' மூன்றாவது முறை அவர் கண்ணை மூடிக்கொண்டார். அறுநூறு அடி ஆழத்தில் மாட்டிய துளை போடும் ராடை மேலே நின்று கையாலேயே உணர்கிறவரின் முகம் அது, எனக்குத் தெரியும். திருப்பினார்.

உள்ளே மெல்லிசாக ஒரு முனகல் எழுந்தது. அது ஏறி ஏறி, சீராக இரைய ஆரம்பித்தது. திரையில் டிஸ்க்கின் பெயர் வந்தது.

"அசையாதீங்க! கீழ வெச்சறாதீங்க!" என்று அலறினேன். சுற்றுகிற டிஸ்க்கை இறக்கி வைக்கும்போது ஒரு சின்ன அதிர்வு பட்டால்கூடப் போச்சு. அவர் அப்படியே சிலை மாதிரி உட்கார்ந்துவிட்டார். குரல்களை முதலில் லேப்டாப்புக்கும், அங்கிருந்து இரண்டாவது டிஸ்க்குக்கும் ஒரு பென் டிரைவுக்கும் எடுத்தேன். ஐம்பது, நூறு, இருநூறு என்று எண்ணிக்கை ஏறியது. இருபது நிமிடம் அவர் கை நடுங்கவில்லை. அவர் குரல் அவர் கையிலேயே சூடாகச் சுற்றிக்கொண்டிருந்தது. நான் திரையைப் பார்ப்பதா அந்தக் கையைப் பார்ப்பதா என்று தெரியாமல் இருந்தேன்.

கடைசிப் பதிவும் வந்துவிட்டது. ஆனால் நகல் எடுத்துவிட்டேன் என்று நம்பி நான் பட்டது போதும். ஒன்றையாவது போட்டுக் கேட்காமல் டிஸ்க்கைக் கீழே வைக்க விடுவதாயில்லை. ஹெட்போனைத் தேடினேன். அவர் தலையசைத்து, தாடையால் ஸ்பீக்கரைக் காட்டினார்.

கைக்கு வந்த ஒன்றைப் போட்டேன்.

"ஏம்புள்ள, நாந்தான் பேசறேன். இன்னைக்குத் தண்ணி வந்துருச்சு. நானூறு அடி வரைக்கும் வெறும் மண்ணுப் பொகைதான். அந்தூர்க்காரம்மா பாவம், பாத்துட்டே நின்னுது. அப்பறம் ஈரம் தட்டி, வந்துது பாரு, மேல வரைக்கும்! எத்தன பாத்தாலும் இது அதிசயந்தான் போ. நாஞ் சொல்றது கேக்குதா புள்ள?"

அதோடு குரல் நின்றது. கம்ப்ரஸர் மட்டும் இரைந்தது. நான் பதில் சொல்வதற்காக அவர் காத்திருந்த அதே நாலைந்து விநாடி.

அவர் டிஸ்க்கை அசைக்காமல் பிடித்தபடியே, கால் விரலால் தரையில் ஒரு முறை தட்டினார்.