இரண்டு டயட் தாள்கள்

கிழக்கேகோட்டை பஸ் நிறுத்தத்துக்கு எதிரே ஒரு பலசரக்குக் கடையில் நிற்கிறேன். ஆறு வருடமாக எனக்குக் குடல் அழற்சி. ஸ்காண்டிநேவிய நாடுகளின் சாப்பாடு குடலுக்கு நல்லது என்று எங்கோ படித்துவிட்டு, கழக்கூட்டத்தில் வேலை பார்க்கும் தங்கை ஒரு தாளில் எழுதித் தந்திருக்கிறாள். ரை என்ற தானியத்தின் ரொட்டி, பார்லி, ஓட்ஸ், பெர்ரிப் பழங்கள், ஹெர்ரிங் மீன். இரண்டு மாதமாக முடிந்தவரை அதன்படிதான் சாப்பிடுகிறேன்.

கடைக்காரர் மலையாளி இல்லை, நாகர்கோவில் பக்கத்துத் தமிழர். தாளை வாங்கி நிதானமாகப் படிக்கிறார்.

“ரை மாவு இங்க கிடையாதுக்கா. பார்லி உண்டு. ஹெர்ரிங்குக்கு நம்ம சாளை மீன் போதும். இது எதுக்குள்ள டயட்டாக்கும்?”

நோயின் பெயரைச் சொல்கிறேன். அவர் தாளை மேசைமேல் வைக்கிறார்.

“எனக்கும் அதேதான்.”

மேசை இழுப்பறையிலிருந்து தன்னுடைய தாளை எடுத்துக் காட்டுகிறார். அதில் அவருடைய டாக்டர் பார்லியையும் ஓட்ஸையும் தொடவே கூடாது என்று எழுதியிருக்கிறார். பச்சரிசிக் கஞ்சியும் மோரும் போதுமாம்.

“இதுல குணம் தெரியுதா, அண்ணாச்சி?”

“சில நாள் தெரியும். பிறகு பழையபடிதான். ஒங்களுக்கு?”

“எனக்கும் அப்படித்தான்.”

இரண்டு தாள்களையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். எதை நம்புவது என்று இருவருக்கும் தெரியவில்லை.

“அது கெடக்கட்டும். ஒங்களுக்கு என்ன திங்கணும்னு ஆசை, அதச் சொல்லுங்க.”

இதுவரை யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. வெகுநேரம் யோசிக்கிறேன். ஒன்றுமே நினைவுக்கு வரவில்லை.