கடல் தாண்ட ஒரு காகிதம்

அப்பா சிங்கப்பூரில் சாரத்திலிருந்து விழுந்து இடுப்பு ஒடிந்து கிடந்தார். பெர்மிட்டில் உள்ளபடி கூட்டிப் பெருக்க வந்த ஆள் தானாக மேலே ஏறி விழுந்துவிட்டார் என்று கம்பெனி அங்கே கோர்ட்டில் சொல்லிவிட்டது. அவரைச் சாரம் கட்டத்தான் அனுப்பினார்கள் என்பதற்கான ஒப்பந்தம் எங்கள் ஊர் ஏஜென்ட்டிடம் இருந்தது; கேட்டும் அவர் தரவில்லை. அப்பா சார்பில் நான் அவர்மேல் தஞ்சாவூரில் வழக்குப் போட்டேன். சம்மன் போனதும் காகிதக் கட்டைக் கொண்டுவந்து கோர்ட்டில் ஒப்படைத்தார்.

அதைப் படம் எடுத்து அப்பாவின் சிங்கப்பூர் வக்கீலுக்கு அன்றே அனுப்பிவிடலாம் என்றிருந்தேன். எங்கள் வக்கீலம்மா தடுத்தார்.

"சம்மன்ல வந்தது இந்த வழக்குக்கு மட்டும்தாம்மா. வெளிநாட்டுல காட்டணும்னா ஜட்ஜ் அனுமதி வேணும். இல்லைன்னா அங்கயும் செல்லாது."

மனுப் போட்டோம். ஊரில் பாதி வீட்டுப் பிள்ளைகளை வெளிநாடு அனுப்பியவர் அந்த ஏஜென்ட்; எனக்கு மாமா முறை. அவரைப் பகைக்க யாருக்கும் துணிவில்லை. குறுவை நடவு தொடங்கியபோது, நடவுக்கு ஆள் சேர்க்கும் அத்தை முதல்நாள் சாயங்காலம் வீடு வீடாகக் குரல் கொடுத்துக்கொண்டு வந்தார். எங்கள் வாசலை மட்டும் பேசாமல் கடந்தார். அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

விசாரணைக்கு நான் தனியாகவே போனேன். கோர்ட் வராந்தாவில் ஏஜென்ட் சிரித்தார்.

"நாலு எழுத்துப் படிச்சதும் மாமனையே கோர்ட்டுக்கு இழுத்துட்டியே!"

"நாலு இல்ல மாமா, டிகிரி வரைக்கும் படிச்சிருக்கேன்" என்றேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. ஆனால் பக்கத்தில் நின்று கேட்டுச் சிரிக்க ஒருவரும் இல்லை.

அந்தக் காகிதக் கட்டுக்குள் மற்றவர்கள் ஒப்பந்தங்களும் இருக்கின்றன, வெளியே விடக்கூடாது என்றார் அவருடைய வக்கீல். நீதிபதி அந்தக் கட்டை மெதுவாகப் புரட்டினார். அப்பாவின் ஒப்பந்தத்துக்கு மட்டும் அனுமதி, அதுவும் அந்த ஒரு வழக்குக்கு மட்டும், மற்றவர்கள் காகிதத்தைப் பற்றி வெளியே பேசக்கூடாது என்று உத்தரவிட்டார்.

செய்தி எனக்கு முன்பே ஊருக்குப் போயிருந்தது. பொழுது சாய்கிற நேரத்தில் அந்த அத்தை கொல்லைப்பக்கமாக வந்தார்.

"எம்புள்ள காகிதமும் அதுல இருக்காமே? அவனையும் பெர்மிட்டுல ஒண்ணு, வேலை ஒண்ணுன்னு ஏமாத்தித்தான் அனுப்பியிருக்காரா?"

இருந்தது. நான் பார்த்திருந்தேன்.

"அதை நான் சொல்லக்கூடாது அத்தை. நீங்க தனியா மனுப் போடுங்க. நானே எழுதித் தரேன், கூடவும் வரேன்."

"போட்டா அவருக்குத் தெரிஞ்சிடுமா?"

"தெரியும்."

"அப்பா காகிதம்னா கடல் தாண்டும். எம்புள்ளைதுன்னா வாய்கூடத் திறக்க மாட்டே" என்று சொல்லிவிட்டு, வந்த வழியே போய்விட்டார்.

முத்திரையிட்ட நகல் கிடைத்த அன்றே அனுப்பினேன். அப்பா வீடியோவில் வந்தார். அங்கே அவர் வக்கீலுக்குக் கிடைத்துவிட்டதாம், முகம் தெளிந்திருந்தது.

"கோர்ட்டுக்கு யாரு கூட வந்தா?"

"எல்லாரும்தான்பா."

"நம்ம சனம் விட்டுடுமா!" என்று சிரித்தார். அப்புறம், வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதா என்று கேட்டார்.

"வந்துடுச்சுப்பா" என்றேன். அது உண்மைதான்.