எர்னஸ்ட் விட்டேக்கர் உயர்த்திய விரல்

ஆல்டர்பி ஊரில் ஒருவரை நேர்மையானவர் என்று சொல்ல வேண்டுமானால், "எர்னஸ்ட் விரல் மாதிரி" என்பார்கள். அந்த விரலுக்கு உரியவர் எர்னஸ்ட் விட்டேக்கர். கடைத்தெருவில் இறைச்சிக்கடை நடத்தியவர். மட்டையைக் கொண்டு அவர் எங்கள் கிரிக்கெட் மன்றத்துக்கு ஒரு நன்மையும் செய்ததில்லை. கடைசி ஆளாக இறங்குவார். இறங்கிய வேகத்திலேயே திரும்புவார். முழங்கால் ஒத்துழைக்க மறுத்த பிறகு வெள்ளை மேலங்கி அணிந்து நடுவராக நின்றார்.

எங்கள் வட்டாரப் போட்டிகளுக்கு வெளியிலிருந்து நடுவர் வருவது அந்நாளில் அரிது. மட்டை பிடிக்கும் அணியே தன் ஆட்களில் இருவரை நடுவராக நிறுத்தும். சொந்த அணிக்காரர் ஆட்டமிழந்தார் என்று விரலை உயர்த்த எவருக்கும் மனம் வராது. ஆகையால் ஏச்சுக்கும் குறைவில்லை. ஒரு கோடையில் வெக்ஸ்பி அணியினர் வந்து இறங்கியபோதே, அவர்களுடைய பந்துவீச்சாளர் ராய் கிளெக் ஆரம்பித்துவிட்டார்.

"ஏம்ப்பா, ஆல்டர்பி அம்பயருங்களுக்குக் கையில விரல் இருக்கா? போன வருஷம் நான் ஒண்ணையும் பாக்கலியே."

"டீ கப்பைப் புடிக்கறப்ப பாரு, அஞ்சும் தெரியும்" என்றார் அவருடைய கூட்டாளி.

எங்கள் ஆட்களும் சிரித்தார்கள். எர்னஸ்ட் சிரிக்கவில்லை.

அன்று அவருடைய தம்பி லெஸ்லி மதியம் முழுவதும் அசையாமல் நின்று ஆடினார். லெஸ்லி தபால்காரர். சதமடித்தவர்களின் பெயர்களைப் பொன்னெழுத்தில் தாங்கிய பலகையொன்று எங்கள் மன்றக் கட்டடத்தில் தொங்குகிறது. அதில் தம் பெயரும் ஏற வேண்டும் என்பதே அவருடைய ஆசை. சதத்துக்கு நான்கு ரன்கள் எஞ்சியிருந்தபோது, ராய் வீசிய பந்து லெஸ்லியின் கால்காப்பில் பட்டது. வெக்ஸ்பியின் பதினொருவரும் ஒரே குரலில் அவுட் கேட்டார்கள்.

பந்து காலில் படுவதற்கு முன் மட்டையின் விளிம்பை உரசிய ஓசை எர்னஸ்டின் காதில் தெளிவாக விழுந்திருந்தது. மட்டையில் பட்ட பின் காலில் பட்டால் அவுட் இல்லை. அது சிறுவருக்கும் தெரியும். ஆயினும் காலையில் கேட்ட ஏச்சு அவர் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டிருந்தது. தமக்கும் விரல் உண்டென்று அவர் காட்ட விரும்பினார். காட்டினார்.

லெஸ்லி மட்டையின் விளிம்பை ஒருமுறை பார்த்தார். வாய் திறவாமல் வெளியேறினார்.

சதத்தின் வாசலில் நின்ற சொந்தத் தம்பியையே வெளியேற்றியவர் என்ற புகழ் மாலைக்குள் வெக்ஸ்பி வரை சென்றுவிட்டது. பிற ஊர்க்காரர்கள் எர்னஸ்டே நடுவராக வர வேண்டும் என்று கேட்டு அழைத்தார்கள். லெஸ்லி அதன் பின் பல கோடைகள் ஆடியும் சதத்தின் பக்கம் நெருங்கவே இல்லை. எர்னஸ்ட் சனிக்கிழமைதோறும் தம்பி வீட்டுக்கென்று நல்ல துண்டாகப் பார்த்துப் பொட்டலம் கட்டுவார். லெஸ்லியின் மனைவி அதைப் பாசம் என்றே எண்ணினார்.

இந்த ஆண்டு மன்றத்துக்கு நூற்றைம்பது வயது நிறைந்தது. நடுவர் அறைக்கு எர்னஸ்டின் பெயரைச் சூட்டுவதென்று செயலாளர் பாலின் தாக்ரே முடிவு செய்தார். எர்னஸ்ட் மூன்று முறை மறுத்தார். மறுக்க மறுக்க அவருடைய அடக்கத்துக்கும் பெயர் கூடிற்று.

விழா நாள் ஆட்டத்தின் தேநீர் இடைவேளையில், தேநீர் பரிமாறும் சன்னலுக்குப் பின்னால் நான் ரொட்டிக்கு வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தேன். சன்னலுக்கு வெளியே சகோதரர் இருவரும் தட்டேந்தி நின்றார்கள்.

"ஏண்ணே, உன் ரூமுக்குள்ள என்னைய விடுவாங்களா, இல்ல வாசல்லயே அவுட்டா?"

"லெஸ், அன்னிக்கு நடந்ததப் பத்தி உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்."

"இன்னிக்கு வேணாம். சாண்ட்விச்சச் சாப்பிடு, காயுது பாரு."

எர்னஸ்ட் சாப்பிடவில்லை. சற்று நேரத்தில் பாலின் அவரைப் பேச அழைத்தார். என் சன்னலை ஒட்டியிருந்த, திரையிட்ட பெயர்ப்பலகையின் அருகில் நின்று, கூட்டத்தைப் பார்க்காமல் பேசினார்.

"நீங்க சொல்ற கதை தப்பு. பந்து மொதல்ல மட்டையில பட்டுச்சு. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டுச்சு. கேட்டும் என் தம்பிக்கு அவுட் குடுத்தேன். நல்ல பேருக்காகக் குடுத்தேன். இந்தப் பலகையில எம்பேரு இருக்கக் கூடாது."

எவரோ ஒருவர் கைதட்டினார். எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள்.

"பாத்தியா, இதத்தான் எர்னஸ்ட் விரல்னு சொல்றது. இத்தன வருஷம் கழிச்சு எவன் இப்படி ஒத்துக்குவான்?" என்றார் என் அருகில் இருந்தவர்.

பாலின் கண்களைத் துடைத்துக்கொண்டே கயிற்றை இழுத்தார். திரை விலகியது. கைதட்டல் வலுத்தது. எர்னஸ்டின் முகமும் கழுத்தும் சிவந்துபோயின. "நிறுத்துங்க, நான் சொன்னது உங்களுக்குப் புரியலயா" என்று அவர் சொன்னது எனக்கு மட்டுமே கேட்டிருக்கும்.

கைதட்டாத ஒரே ஆள் லெஸ்லி. கூட்டம் கலைந்த பிறகு ஊன்றுகோலை ஊன்றி அண்ணனிடம் வந்தார்.

"மட்டையில பட்டது எனக்குத் தெரியாதா? பந்து பட்ட தழும்பு விளிம்புல இருந்துச்சு. ராய்க்கும் தெரியும், அன்னிக்கு ராத்திரியே பீர் வாங்கிக் குடுத்து மன்னிப்புக் கேட்டான்."

"அப்ப ஏன்டா நீ ஒரு வார்த்தை சொல்லல?"

"நான் சொன்னா அழுவுணின்னுவாங்க. நீயா வந்து எங்கிட்டச் சொல்லுவேன்னு பாத்தேன். கடைசியில ஊருக்கு முன்னால சொல்லிட்டே. அதுக்கும் உனக்குத்தான் கைதட்டு."

லெஸ்லியின் குரலில் கோபம் இல்லை. அது இருந்திருந்தால் எர்னஸ்ட் எளிதில் தாங்கியிருப்பார். லெஸ்லி மெல்ல நடந்து எல்லைக்கோட்டின் ஓரத்தில் அமர்ந்தார். எர்னஸ்டும் பின்னாலேயே சென்றார். ஆனால், தம்பியின் அருகில் அமரும் துணிவின்றி ஒரு நாற்காலி தள்ளி அமர்ந்தார். ஆட்டம் மீண்டும் தொடங்கியது. வழியில் சென்றவர்கள் ஒவ்வொருவராக வந்து எர்னஸ்டின் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள். அவர் ஒருமுறைகூட நிமிர்ந்து பார்க்கவில்லை.