கேட் வரைக்கும் போன பார்சல்

மார்ஜீன் ஸ்ட்ராண்டுக்கு அந்த வருஷம் அறுபத்தொரு வயது. ஹார்லன் கிரீக்கிலிருந்து ஆற்றோரப் பண்ணைகள் வரை ஒரு கம்பெனியின் பார்சல் வேனை ஓட்டிக்கொண்டிருந்தாள். தினமும் இருநூறு மைல். கிழக்கு மொன்டானாவின் சரளைக்கல் ரோடுகளில் இருபத்திரண்டு வருஷம் ஓட்டியும் அவள்மேல் ஒரு புகார் வந்ததில்லை.

எங்கள் ஊர் ரைஃபிள் கிளப்பில் மதிப்பெண் எழுதுகிறவன் நான். இரும்பில் வெட்டிய கோழி, பன்றி, வான்கோழி, செம்மறிக் கிடா என்று வரிசையாக நிறுத்தி வைத்திருப்போம். கிடாக்கள் ஐந்நூறு மீட்டருக்கு அப்பால், கண்ணுக்கு எறும்பு மாதிரி தெரியும். துப்பாக்கியை எதிலும் சாய்க்காமல், நின்றபடி சுட்டு அவற்றை விழத்தட்ட வேண்டும். நாற்பது குண்டு. மே முதல் செப்டம்பர் வரை மாதம் ஒரு ஞாயிறு. ஜெயித்தவருக்குப் புகை போட்ட பன்றித் தொடை ஒன்று பரிசு. ஏழு வருஷமாக அந்தத் தொடை மார்ஜீன் வீட்டுக்குத்தான் போய்க்கொண்டிருந்தது. இரண்டாவதாக வருபவள் எப்போதும் நடீன் ஃபெல்ஸ்டட். இருவரும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒன்றாகப் படித்தவர்கள்.

எங்களில் யாரும் தோட்டாவைக் கடையில் வாங்கிச் சுடுவதில்லை. சுட்ட தோட்டாவின் பித்தளைக் கூட்டைப் பொறுக்கி வந்து, துடைத்து, புது வெடிமருந்தும் குண்டும் வைத்து நாங்களே அடைத்துக்கொள்வோம். கூடு பலமுறை வரும். குண்டும் மருந்தும் அலைந்தால் கிடைக்கும். ஆனால் மருந்தைப் பற்றவைக்கக் கூட்டின் அடியில் வைக்கிற பிரைமர், பயறு அளவுகூட இல்லாத அந்தச் சின்ன உலோக மூடி, ஒருமுறை வெடித்தால் முடிந்தது. வீட்டில் செய்துகொள்ளவும் முடியாது. நோய் பரவிய வருஷம் அதுதான் முதலில் காணாமல் போனது. ஆயிரம் பிரைமர் கொண்ட பெட்டி முப்பத்தைந்து டாலருக்குக் கிடைத்தது போய், இருநூறு கொடுத்தாலும் விற்க ஆள் இல்லை என்றாயிற்று.

மார்ஜீன் சமாளித்துப் பார்த்தாள். மான்கறி சாசேஜ் பன்னிரண்டு கொடுத்து ஒரு பண்ணைக்காரரிடம் நூறு பிரைமர் வாங்கினாள். வாரத்துக்குப் பத்துக் குண்டுக்குமேல் சுடுவதில்லை என்று வைத்துக்கொண்டாள். மற்ற நாட்களில் சமையலறைச் சுவரில் ஒரு கரும்புள்ளி வைத்து, காலித் துப்பாக்கியைத் தூக்கிக் குறிபார்த்து விசையை மட்டும் அழுத்திப் பழகினாள். சாமான் கடைக்கு ஒருமுறை பத்துப் பெட்டி வந்தபோது ஆளுக்கு ஒன்றுதான் என்றார்கள். அவள் ஒன்று வாங்கிக்கொண்டு வெளியே வந்து, வண்டியில் உட்கார்ந்திருந்த கணவன் ஆரினை உள்ளே அனுப்பினாள்.

கல்லாவில் இருந்த டோரிஸ் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஆரின், நீ துப்பாக்கி தொட்டு எத்தன வருஷம் ஆச்சு?"

"நேத்துதான் ஆசை வந்துச்சு."

"பெரிய பிரைமரா சின்ன பிரைமரா, எது வேணும்?"

ஆரின் யோசித்தார். "நடுத்தரமா இருந்தா குடேன்."

அப்படியொரு அளவே கிடையாது. கடை முழுக்கச் சிரித்தது. அவர் வெறுங்கையோடு திரும்பினார்.

நடீனுக்கு இந்தப் பாடெல்லாம் இல்லை. பள்ளிக்கூட ஆபீஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தாள். கணவன் கோர்டன் வைக்கோல் பண்ணையைப் பார்த்துக்கொண்டார். அவள் காலையில் காபியோடு கம்ப்யூட்டர் முன்னால் உட்காருவாள். எந்த ஊர்க் கடையில் பிரைமர் வந்தாலும் செல்போனில் மணி அடிக்கும்படி செய்து வைத்திருந்தாள். மணி அடித்த இரண்டு நிமிஷத்தில் வாங்கிவிடுவாள். மார்ஜீனுக்கும் அதே மணிதான் அடித்தது. ஆனால் அவள் எங்காவது சிக்னல் இல்லாத பள்ளத்தாக்கில் வேன் ஓட்டிக்கொண்டிருப்பாள். மத்தியானம் சாண்ட்விச் பிரித்துக்கொண்டே போனைப் பார்த்தால், "விற்றுத் தீர்ந்தது" என்றிருக்கும்.

அதையும் தாங்கிக்கொண்டிருப்பாள். ஆனால் நடீன் வாங்கிய பெட்டிகள் வந்து சேர்ந்தது மார்ஜீனின் வேனில்தான்.

வெடிக்கிற சரக்கு என்பதற்கான ஒட்டுத்தாள் பெட்டியின் பக்கவாட்டில் இருக்கும். காலையில் வண்டியில் சரக்கு ஏற்றும்போதே அவள் கண் அதில் விழும். பெட்டியைத் தூக்கினால் எடையை வைத்தே எத்தனை ஆயிரம் என்று சொல்லிவிடுவாள். அன்று முழுக்க அந்தப் பெட்டி முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து வரும். நாற்பதாவதோ ஐம்பதாவதோ வீடாக நடீனுடையது வரும்வரை திரும்பித் திரும்பி அதைப் பார்த்ததாகப் பிற்பாடு என்னிடம் சொன்னாள்.

"வந்துருச்சா! நீ என் கிறிஸ்மஸ் தாத்தாடி" என்று நடீன் கதவைத் திறப்பாள். கள்ளமில்லாமல்தான் சொல்வாள். மார்ஜீன் சிரித்தபடி கையெழுத்து வாங்கிக்கொண்டு வருவாள். ஒருமுறை நடீன், "உனக்கு வேணும்னா ஒரு நூறு எடுத்துக்கயேன்" என்றாள். மார்ஜீன், "எங்கிட்ட இருக்கு" என்று பொய் சொன்னாள். அவளிடம் கேட்டு வாங்குவதைவிடக் கூழாங்கல் எறிந்து கிடாவை விழவைக்கலாம் என்று தோன்றியதாம்.

அந்தக் கோடையில் நடீன் வாரத்துக்கு இருநூறு குண்டு சுட்டுப் பழகினாள். ஜூனில் மார்ஜீன் ஒரு புள்ளியில் தப்பித்தாள். ஜூலையில் சமம். ஆகஸ்டில் பத்துக் கிடாவில் எட்டைத் தட்டி, நடீன் முதல்முறையாகப் பன்றித் தொடையைத் தூக்கிக்கொண்டு போனாள். நான்தான் மதிப்பெண்ணை வாசித்தேன். மார்ஜீன் கை தட்டினாள். பிறகு காலித் தோட்டாக்கூடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கத் தொடங்கினாள். எல்லாரும் கிளம்பிய பிறகும் குனிந்து பொறுக்கிக்கொண்டே இருந்தாள்.

செப்டம்பரில், போட்டிக்குப் பத்து நாள் முன்னால், நடீனுக்கு ஐயாயிரம் கொண்ட பெட்டி வந்தது.

நடீன் வீட்டுக்குப் பெரிய ரோட்டிலிருந்து ஒரு மைல் உள்ளே போக வேண்டும். முகப்பில் ஒரு கேட். மார்ஜீன் கேட்டருகே வேனை நிறுத்தினாள். தூரத்தில் வீடு தெரிந்தது. நடீனின் பிக்கப் வண்டி வாசலில் நின்றது. ஐந்து நிமிஷம் பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு, "வீட்டில் ஆள் இல்லை" என்று சீட்டு எழுதிக் கேட்டில் ஒட்டிவிட்டுத் திரும்பிவிட்டாள். மறுநாளும் அப்படியே. மூன்றாம் நாள் பேனாவை எடுத்து, திரும்பப் பையில் வைத்தாள். ஆனாலும் எழுதினாள். மூன்று முறை ஆள் இல்லையென்றால் அந்த வகைச் சரக்கு அனுப்பியவருக்கே திரும்பிப் போய்விடும். போயிற்று. சீட்டுகளைப் பார்த்து நடீன் கம்பெனிக்குப் போன் போட்டுக் கத்தியபோது பெட்டி பாதி வழி தாண்டியிருந்தது. கடைக்காரன் பணத்தைத் திருப்பிக் கொடுத்தான். பெட்டி அன்றே வேறொருவருக்குப் போய்விட்டது.

செப்டம்பர் போட்டியில் மார்ஜீன் ஜெயித்தாள். பன்றித் தொடையை வீட்டுக்குக் கொண்டுபோனவள் ஒரு துண்டுகூடச் சாப்பிடவில்லை என்று ஆரின் சொன்னார்.

அக்டோபரில் எல்லாரும் கூடி இரும்பு மிருகங்களுக்குப் பெயின்ட் அடிப்போம். மார்ஜீன் வான்கோழிகளுக்கு வெள்ளை அடித்துக்கொண்டிருந்தாள். நடீன் நேராக அவளிடம் வந்தாள். நான் இரண்டு கிடா தள்ளித்தான் இருந்தேன்.

"மான் எந்தப் பக்கம் போகுதுன்னு பாக்க, கேட் கம்பத்துல கேமரா கட்டி வச்சிருக்கோம்" என்றாள் நடீன். "நேத்துதான் கோர்டன் அதக் கழட்டினார்."

மார்ஜீன் தூரிகையை டப்பாவில் வைத்தாள்.

"மூணு நாளும் உன் வேன் வந்து நிக்குது. நீ கண்ணாடி வழியா என் வீட்டப் பாக்கற. அப்புறம் போயிடற. மூஞ்சி நல்லாத் தெளிவா விழுந்திருக்கு. நான் வீட்லதான்டி இருந்தேன். ஜன்னலாண்ட உக்காந்து உனக்காகத்தான் பாத்துட்டு இருந்தேன்."

"தெரியும்."

"தெரியுமா! அப்ப ஏன்?"

"பொறாமைடி" என்றாள் மார்ஜீன். "பிரைமருக்கு மட்டும் இல்ல. நீ வீட்ல உக்காந்திருக்கறதுக்கு. மணி அடிச்ச உடனே வாங்க முடியறதுக்கு. நான் பத்துப் பத்தா எண்ணிச் சுடறேன், நீ இருநூறு சுட்டுட்டு வந்து சிரிக்கற. அதையும் நானே சொமந்துட்டு வந்து உன் கையில குடுக்கணுமா? கை வரல. அவ்வளவுதான்."

நடீன் கத்தவில்லை. மெதுவாகத்தான் பேசினாள்.

"ஏழு வருஷம் நான் ரெண்டாவதா நின்னேன். ஒவ்வொரு தடவையும் உனக்குக் கை தட்டினேன். எனக்கு வயிறு எரியலன்னு நெனச்சியா? வீட்டுக்குப் போற வழியெல்லாம் எரியும். கோர்டனக் கேட்டுப் பாரு. எதுக்கு ஐயாயிரம் வாங்கினேன்? நீ பத்துல அடிக்கறது எனக்கு ஆயிரத்துலயும் வரல, அதுக்குத்தான். ஆனா உன் துப்பாக்கியில நான் கை வச்சனா?"

"இல்ல."

"அதான்."

"கம்பெனிக்குச் சொல்லப் போறியா?"

"சொல்லணும்னுதான் வருது. சொன்னா உன் பென்ஷன் என்னாகும்னும் வருது. யோசிக்கணும். அது வரைக்கும் எங்கிட்டப் பேசாத."

நடீன் போய்விட்டாள். மார்ஜீன் மிச்சமிருந்த வான்கோழிகளுக்கும் வெள்ளை அடித்து முடித்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போனாள்.

மூன்று நாள் ஆரினிடம் சொல்லாமல் வைத்திருந்து நான்காம் நாள் சொன்னாள். அவர் திட்டவில்லை. "அவ யோசிச்சு முடிக்கறதுக்குள்ள நீயே போய்ச் சொல்லிடு. தினம் போன் அடிக்கறப்பல்லாம் உனக்கு இப்படித் தூக்கிவாரிப் போடறத என்னால பாக்க முடியாது" என்றார்.

டிப்போ மேனேஜர் டெரிக் அவளைவிட முப்பது வயது சின்னவன். அவளிடம்தான் ரூட் பழகினான். அவள் சொல்லி முடித்ததும் வெகுநேரம் பேனாவை உருட்டிக்கொண்டிருந்தான்.

"மூணு சீட்டுமே பொய்யா?"

"மூணுமே."

"ஒண்ணாவது உண்மைன்னு சொல்லுங்களேன், மார்ஜீன். நான் எப்படியாவது எழுதிக்கறேன்."

"மூணும் பொய்தான் டெரிக். நீ அப்படியே எழுது."

மூன்று வாரம் சம்பளமில்லாமல் வீட்டில் உட்காரச் சொன்னார்கள். பிறகு குளிர்காலம் முழுக்க ஊருக்குள் சின்ன ரூட். அவளுடைய சுத்தமான இருபத்திரண்டு வருஷப் பதிவில் ஒரு கரும்புள்ளி. வேலை தப்பியது, பென்ஷனும் தப்பியது. ஊர் முழுக்கத் தெரிந்துபோனது. காபிக் கடையில் அவள் நுழைந்தால், "என் பார்சல் வந்துச்சா மார்ஜீன்?" என்று யாராவது கேட்பார்கள். இரண்டு மாதம் அதற்குச் சிரித்தார்கள். பிறகு அலுத்துவிட்டது.

டிசம்பரில் கவுன்டி மைதானத்துக் கூடத்தில் துப்பாக்கிச் சந்தை போட்டார்கள். ஒரு மேஜையில் ஆயிரம் பிரைமர் கொண்ட ஒரே ஒரு பெட்டி இருந்தது. இருநூற்று நாற்பது டாலர். மார்ஜீன் மூன்று தடவை அந்த மேஜையைச் சுற்றி வந்தாள்.

"பழைய விலை ஞாபகம் இருக்கா உனக்கு?" என்றாள் விற்றவனிடம்.

"பழைய விலையில பழைய கடையில வாங்கிக்கோ, தாயி."

வாங்கினாள். அதைப் பக்கத்து இருக்கையில் வைத்துக்கொண்டு பனியில் நடீன் வீட்டுக்கு ஓட்டினாள். கேட்டைத் திறந்து, ஒரு மைலும் போனாள். அந்த ஒரு மைலில் வண்டியைத் திருப்பிவிடலாமா என்று இரண்டு இடத்தில் பிரேக்கில் கால் வைத்ததாகச் சொன்னாள். வீட்டில் அவளிடம் இருந்த பிரைமர் மொத்தம் நூற்றுப் பதினொன்றுதான்.

நடீன் கதவைத் திறந்தாள். உள்ளே வா என்று சொல்லவில்லை.

"ஐயாயிரம் எங்கயும் கெடைக்கல" என்றாள் மார்ஜீன். "ஆயிரம்தான்."

நடீன் பெட்டியையே பார்த்தாள். "வேணாம்னு சொல்ற அளவுக்கு நான் பெரிய மனுஷி இல்ல" என்று வாங்கிக்கொண்டாள். "கம்பெனியில நீயே போய்ச் சொன்னியாமே."

"ஆமா."

"நான் சொல்லியிருக்க மாட்டேன். அனேகமா." கதவை மூடப் போனவள் நிறுத்தினாள். "ரோடு வழுக்குது. பாத்துப் போ."

மே மாதப் போட்டிக்கு மார்ஜீன் நாற்பத்து மூன்று தோட்டாக்களோடு வந்தாள். மற்றவர்கள் காற்றைக் கணிக்க முதலில் சில குண்டுகள் சுட்டுப் பார்த்தார்கள். அவள் புல் சாய்வதைப் பார்த்துக் கணித்தாள். கோழி, பன்றி, வான்கோழி எல்லாம் நன்றாகவே போயின. கிடாக்களுக்கு வந்தபோது காற்று மாறியது. நடீன் இரண்டு புள்ளியில் ஜெயித்தாள்.

நான் வாசித்ததும் மார்ஜீன் கை தட்டினாள். முகத்தில் எல்லாமே தெரிந்தது. அவள் மறைக்கவும் முயலவில்லை. நடீன் பன்றித் தொடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவள் பக்கம் வந்தாள்.

"கடைசிக் கிடா காத்துல போயிடுச்சு. பாத்தேன்."

"வலது பக்கம் ஒரு சாண் தள்ளியிருக்கணும்."

"ஒண்ணரைச் சாண்."

"உனக்குத்தான் எல்லாம் தெரியும்" என்றாள் மார்ஜீன். நடீன் சிரித்துவிட்டாள்.

ஜூன் கடைசியில் சாமான் கடையில் மறுபடி பிரைமர் வந்தது. மொத்தம் ஆறு பெட்டி, பழையதைப் போல இரண்டு மடங்கு விலை. மார்ஜீன் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் தற்செயலாக அங்கே போனவள் ஒன்றை வாங்கினாள். வேனில் ஏறி, போனை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு ஒரு சாண்ட்விச் முழுவதும் சாப்பிட்டு முடித்தாள். அதற்குள் நான்கு பெட்டி போய்விட்டது. பிறகுதான் நடீனைக் கூப்பிட்டாள்.

"டோரிஸ் கடையில ஒரே ஒரு பெட்டிதான் இருக்கு. வரதுன்னா இப்பவே வா."

"உனக்கு?"

"நான் வாங்கிட்டேன்."

"எப்ப?"

"கொஞ்ச நேரம் ஆச்சு" என்றாள் மார்ஜீன். "சாப்ட்டுட்டு இருந்தேன்."

நடீன் போனை வைத்தாள். இருபது மைல் தூரத்தைப் பதினேழு நிமிஷத்தில் ஓட்டி வந்து அந்தப் பெட்டியை எடுத்தாள்.