சாமிக்குக் காது கேக்கும்

மூத்த பேரன் சென்னையில் இன்ஜினியர். பேத்தி நர்சிங் முடித்துக் குவைத்துக்குப் போய்விட்டாள். இளைய பேரன் பத்தாம் வகுப்பில் பள்ளிக்கே முதல். ஐந்தாம் வகுப்போடு நின்றவள் நான். என் வீட்டிலா இத்தனையும் என்று, அன்று மாலை, நம் தெருக் குடும்பங்கள் கூடி ஜெபிக்கும் அன்பியக் கூட்டத்தில் நன்றி ஜெபம் சொல்ல எழுந்து நின்றேன். பாதியில் எதிர்வீட்டு ஸ்டெல்லா ஓடிவந்து, "லூர்து அக்கா போயிட்டாங்க" என்றாள். சாவுச் சேதி கேட்டும் என் வாய் நிற்கவில்லை. இளையவனின் மார்க்கையும் சொல்லி முடித்த பிறகுதான் சிலுவை போட்டேன்.

லூர்து அக்காவோடு முப்பது வருஷம் நடவுக்குப் போனவள் நான். வயலில் இறங்குமுன் வாய்க்கால் தண்ணீரைத் தொட்டு நெற்றியில் சிலுவை போடுவார். "வந்துட்டேன், ஆண்டவரே" என்பார். அவ்வளவுதான் அவர் ஜெபம். நான் வரப்பில் நின்று உரக்க மன்றாடிக்கொண்டிருப்பேன். ஒரு நாற்றுமுடியை என் காலடியில் போட்டுச் சிரிப்பார். "சாமிக்குக் காது கேக்கும்டி. ஊருக்குக் கேக்கணும்னா கோயில் மணியப் போய் அடி."

போன தவக்காலத்தில் கூட்டம் என் வீட்டில் நடந்தது. அக்கா மகன் அந்தோணிக்கு மயிலாடுதுறையில் பெண் முடிவாகும் நேரம். அவன் குடியை விட்டு ஆறு மாதம் ஆகியிருந்தது. மறுபடியும் தொட்டுவிடுவானோ என்று அக்கா என்னிடம் மட்டும் சொல்லி அழுதிருந்தார். பெண்ணின் அத்தை அன்று என் வீட்டுப் பாயில் உட்கார்ந்திருந்தார். அது தெரிந்தேதான் கண்ணை மூடிக்கொண்டு, "ஆண்டவரே, அந்தோணியைக் குடிப்பழக்கத்திலிருந்து காப்பாற்றும்" என்று உருகினேன். பெற்றவளைவிட எனக்குத்தான் அக்கறை என்று நாலு பேர் நினைக்க வேண்டுமே! சம்பந்தம் நின்றுபோனது.

மறுநாள் அக்கா வந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"நேத்து நீ யாருகிட்டடி சொன்ன? சாமிகிட்டயா, அந்த அத்தகிட்டயா?"

"உங்க புள்ளைக்காகத்தானேக்கா வேண்டுனேன்."

"அவன் பேரு சாமிக்குத் தெரியாதா?"

அக்காவிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கோயிலில் போய் ஆண்டவரிடம் கேட்டுக்கொண்டேன். அது சுலபம். அடுத்த நடவிலும் அக்கா என் பக்கத்தில்தான் நின்றார்.

அடக்கத்தன்று நடந்ததை அன்பியத்தார் நீங்களும் பார்த்தீர்கள். "இந்தக் குளிர்பெட்டியைக் கொடுக்க என்னைத் தூண்டிய ஆண்டவரே" என்று ஒருவர் மைக்கில் ஜெபித்தார். இன்னொருத்தி அழுகைக்கு நடுவே செல்போன் தன்னைப் படம் பிடிக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். சீ, பிணத்துக்குப் பக்கத்திலுமா! அருவருத்துப் போய் நின்றேன். மைக் என் கைக்கு வந்தபோதுதான், இவ்வளவு நேரம் கேட்டது என் குரலேதான் என்று உறைத்தது. மைக்கைக் கீழே வைத்துவிட்டு அக்காவின் பெட்டியருகே குனிந்து, "தப்பு என்னுதுதான்க்கா" என்றேன். சாமிக்குக் காது கேட்கும். அக்காவுக்கு இனிக் கேட்காது. அந்தோணியிடமும் சொன்னேன். முகத்தைத் திருப்பிக்கொண்டான். அவன் செய்தது நியாயம்.

"வந்துட்டேன், ஆண்டவரே." அக்காவிடமிருந்து நான் எடுத்துக்கொண்ட ஜெபம் இது ஒன்றுதான். அதற்குமேல் பேரப்பிள்ளைகளின் பெயர் நாக்கு நுனிக்கு வந்தால் கடித்துக்கொள்கிறேன்.

நம் வாட்ஸ்அப் குழுவில் அக்காவின் அஞ்சலிப் படமாகப் போட்டிருப்பது நான் அனுப்பியது. பேத்தி குவைத்துக்குப் போகுமுன் வைத்த விருந்தில் எடுத்தது. நடுவில் அவள் பட்டுச்சேலை, ஓரத்தில் பாதி முகமாக அக்கா. தயவுசெய்து அதை எடுத்துவிடுங்கள். குறுவை நடவன்று முழங்கால் சேற்றோடு அக்கா நிற்கும் படம் அந்தோணியிடம் இருக்கிறது. கேட்க எனக்கு முகமில்லை. உங்களில் யாராவது கேளுங்கள். அவன் கொடுத்தால், அதைப் போடுங்கள்.