மஞ்சள் கோட்டுக்குப் பக்கத்தில் ஒரு பச்சைக் கோடு

எங்கள் வீட்டில் வண்டி ஓட்டுவது நான். பின்னால் உட்காருவது என் கணவர். கல்யாணமான புதிதில் ஓசூரில் நாங்கள் குடியிருக்கும் காம்பவுண்டில் இதைப் பார்த்துச் சிரிக்காதவர்கள் இல்லை. அவர் அதற்கெல்லாம் அசருகிற ஆள் இல்லை. "முன்னாடி உக்காந்தா ரோட்டத்தான் பாக்கணும். பின்னாடி உக்காந்தா ஊரையே பாத்துக்கினு போலாம்" என்பார்.

வண்டி என்னுடையது. சாத்தூர்ப் பக்கமிருந்து வேலைக்கு வந்து ஹாஸ்டலில் தங்கியிருந்த காலத்தில், யாரையும் கேட்காமல் நானே போய் வாங்கிய பழைய வண்டி. இன்ஜினைத் தண்ணீர் சுற்றிக் குளிரவைக்கிற ரகம். முன்சக்கரத்துக்குப் பின்னால் ஒரு சின்ன ரேடியேட்டர், அதன் முதுகில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஃபேன். சூடு ஏறினால் அந்த ஃபேன் தானாகச் சுற்ற வேண்டும். போன கோடையில் அது சுற்றுவதை நிறுத்திவிட்டது. ஓடிக்கொண்டிருந்தால் காற்றுப் பட்டுச் சமாளித்துக்கொள்ளும். நெரிசலில் நின்றால்தான் வினை. ஒருமுறை அத்திப்பள்ளியில் கொதித்தது. இன்னொரு முறை குருபரப்பள்ளிக்குப் பக்கத்தில், லாரிகளுக்கு நடுவே ஆவி விட்டுக்கொண்டு நின்றே போனது. அன்றைக்கு ஃபோனிலும் சார்ஜ் இல்லை. ஒன்றரை மணி நேரம் தாமதமாக வீடு வந்து சேர்ந்தபோது, அவர் காம்பவுண்டு கேட்டிலேயே நின்றிருந்தார். திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் நாலு போட்டு மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

"இது போதும். வித்துடலாம்" என்று மட்டும் சொன்னார்.

சொன்னதோடு நிற்காமல் ஆளையும் பிடித்துவிட்டார். தளியில் சாமந்தி போடுகிற ஒரு விவசாயி, என் கணவருடைய கம்பெனி நண்பரின் அண்ணன். ஃபேன் ஓடாவிட்டாலும் பரவாயில்லை, மலைப்பக்கம் குளிர்ச்சிதானே என்றாராம். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு வருவதாகப் பேச்சு. எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் சாம்பாருக்கு உப்புப் போட மறந்தேன். மறந்தேன் என்றுதான் அவரிடம் சொல்லியிருக்கிறேன்.

மூன்றாம் நாள் நானே பேச்சை எடுத்தேன். "ஞாயித்துக்கெழம நாலு மணிக்குள்ள ஃபேன் ஓடிருச்சுன்னா வண்டி இங்கதான் இருக்கும். ஓடலைன்னா என் கையாலயே சாவியக் குடுத்துருதேன். சரியா?"

"சரி" என்றார். அவ்வளவு சுலபமாகச் சரி என்றதே எனக்குப் பிடிக்கவில்லை.

கோளாறு எது என்பது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. ரேடியேட்டரின் பக்கவாட்டில், கட்டைவிரல் தடிமனுக்குப் பித்தளையில் ஒரு சுவிட்ச் திருகியிருக்கும். சூடு ஏறியதும் ஃபேனைப் போட்டுவிடுவது அதன் வேலை. அதன் வயரைக் கழற்றி, சாவியைத் திருப்பி, வயர் நுனியை வண்டியின் வெறும் இரும்பில் தொட்டேன். ஃபேன் ஜம்மென்று சுற்றியது. ஆக, ஃபேனுக்கு ஒன்றுமில்லை, சுவிட்ச்தான் போய்விட்டது. சனிக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் ஸ்பேர்ஸ் கடைக்குப் போனேன். கடைக்காரர் ஃபோனில் கன்னடம் பேசிக்கொண்டே, பக்கத்தில் நின்றவருக்குத் தெலுங்கில் பதில் சொல்லிக்கொண்டே, என்னிடம் தமிழுக்கு வந்தார். "ரப்பர் ரிங் கூடவே இருக்குது மேடம். அதோட அப்டியே மாட்டுங்க. வேற எதும் சுத்த வேணாம்."

நான் தலையாட்டினேன். தலையாட்டியதோடு சரி.

நான் வேலை பார்ப்பது ஹைட்ராலிக் ஃபிட்டிங் செக்‌ஷனில். எங்கள் கையைக் கடந்துபோகும் எதிலும் ஒரு சொட்டுக்கூடக் கசியக்கூடாது. திருகு மரையைப் பார்த்தால் அதில் கசிவைத் தடுக்கிற வெள்ளை டேப் சுற்றாமல் எங்களுக்குக் கை அடங்காது. எங்கள் வீட்டுக் குழாய், ஷவர், பக்கத்து வீட்டு வாஷிங் மெஷின் பைப் எல்லாம் என் கையால் டேப் சுற்றப்பட்டவை. கடைக்காரருக்கு என்ன தெரியும், ஒழுகினால் என் மானம் அல்லவா போகும். ஞாயிற்றுக்கிழமை காலையில், இன்ஜின் ஆறிக் கிடக்கும்போது, பழைய இட்லிப் பாத்திரத்தை அடியில் வைத்துப் பச்சை நிறத்தில் தண்ணீர் போலிருந்த கூலன்ட்டைப் பிடித்தேன். பழைய சுவிட்சைக் கழற்றிவிட்டு, புதியதின் மரையில் ஏழு சுற்று டேப் சுற்றினேன். கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. மாட்டி, இறுக்கி, மஞ்சள் மார்க்கரை எடுத்து ஒரு கோடு போட்டேன்.

அந்தக் கோடும் கம்பெனிப் பழக்கம்தான். இறுக்கியவர் போல்ட் தலையிலிருந்து உடம்பு வரை மஞ்சளில் ஒரு இழுப்பு இழுக்க வேண்டும். பிறகு செக் பண்ணுகிறவர் வந்து பார்த்து, பக்கத்தில் பச்சையில் இழுப்பார். பச்சை விழுந்தால்தான் வேலை முடிந்ததாகக் கணக்கு. என் கணவர் வேறொரு கம்பெனியில் வயரிங் செக் பண்ணுகிறவர். ஞாயிற்றுக்கிழமைகூட அவர் சட்டைப் பையில் பச்சை மார்க்கர் இருக்கும். துணியோடு துவைத்து நான் நாசமாக்கிய சட்டைகள் எத்தனையோ.

கூலன்ட் ஊற்றி, காற்று போகவிட்டு, மூடி, ஸ்டார்ட் பண்ணினேன். அவர் வாசற்படியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். படிக்கவில்லை, பக்கமே திருப்பவில்லை. சூடு ஏறியது. ரேடியேட்டர் பக்கம் கையை நீட்டினாலே தகித்தது. ஃபேன் அசையவில்லை. கடைசியில் மீட்டரில் சிவப்பு விளக்கு எரிந்தது. இன்ஜினை நிறுத்தினேன்.

மணி பன்னிரண்டரை. தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அழக்கூடாது என்று நினைத்தேன், அழுகை வந்துவிட்டது. இந்த ஊருக்கு வந்து நான் எனக்கென்று வாங்கிய முதல் பொருள் அது. அதை யாரோ சாமந்தி மூட்டை கட்டி ஓட்டிக்கொண்டு போவதை நினைக்கக்கூட முடியவில்லை.

அவர் எழுந்து வந்து என் பக்கத்தில் குந்தினார். வண்டியையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதுக்கு ஒத்த வயருதான் வருதா?"

"ஆமா."

"அப்ப எர்த்து எங்க?"

எனக்கு எரிச்சலாக வந்தது. "எனக்குத் தெரியலை. நீங்க பேப்பர் படிங்க."

"இல்ல, கேளு. ஒரு வயர்ல வந்தா இன்னொரு வழியா போவணும் இல்ல. வயர் இல்லன்னா சுவிட்ச் ஒடம்புதான் எர்த்து. மரை போய் ரேடியேட்டர்ல நேரா ஒட்டணும். நீ நடுவுல கரண்ட் போவாத டேப்ப ஏழு சுத்து சுத்தி வச்சிருக்கற."

கடைக்காரர் முகம் ஒருமுறை வந்து போனது. அதற்குப் பிறகுதான் இன்னொன்று உறைத்தது. இவர் பேசாமல் வாசற்படியிலேயே உட்கார்ந்திருந்தால் வண்டி அன்றைக்கே தளிக்குப் போயிருக்கும். விற்க ஆள் பிடித்தவரே இவர்தான்.

"ஏன் சொன்னீங்க?" என்று கேட்டேன்.

"தப்பக் கண்டுபுடிச்சிட்டு சொல்லாம இருந்தா எனக்குச் சோறு எறங்காது" என்றார். பிறகு, "மொதல்ல ஆறட்டும். சாப்புடலாம் வா" என்றார்.

அன்றைக்குச் சாம்பாரில் உப்பு சரியாக இருந்தது.

ஆறியதும் மறுபடி இட்லிப் பாத்திரம், மறுபடி கூலன்ட். டேப்பை உரித்து, மரை இடுக்கில் ஒட்டியிருந்ததைப் பழைய டூத் பிரஷால் தேய்த்து எடுத்தேன். ரப்பர் ரிங்கோடு வெறும் மரையாக மாட்டி இறுக்கினேன். டேப் இல்லாமல் நான் மாட்டிய முதல் மரை அதுவாகத்தான் இருக்கும். புதிதாக மஞ்சள் கோடு போட்டு ஸ்டார்ட் பண்ணும்போதே, சொன்னதற்கு அரை மணி முன்னதாகத் தளிக்காரர் வந்து இறங்கினார். கையில் ஒரு பை பீன்ஸ்.

மூன்று பேரும் ரேடியேட்டரைச் சுற்றிக் குந்தினோம். சூடு ஏறியது. ஒரு சொட்டும் கசியவில்லை. சிவப்பு விளக்கு வந்துவிடுமோ என்று என் கண் மீட்டரிலேயே இருந்தது. திடீரென்று முகத்தில் அனல் காற்று அடித்தது. ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது.

நான் எழுந்து கத்திவிட்டேன். மாடி வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது, எனக்கு வெட்கமே இல்லை.

தளிக்காரருக்கும் ஒரே குஷி. "சென்னாகிதே" என்று கன்னடத்தில் மெச்சிவிட்டு, என் கணவர் பக்கம் திரும்பினார். "நான் ஃபேன் இல்லாமயே எடுத்துக்கறேன்னு இருந்தேன் சார். இப்ப எல்லாமே ரெடியா இருக்குது. இன்னிக்கே ஓட்டிக்கினு போயிடவா?"

பந்தயம் எனக்கும் என் கணவருக்கும் நடுவில்தான். தளிக்காரருக்கு அது தெரியாது. அவருக்கு வாக்குக் கொடுத்தவர் இவர். நான் இவர் முகத்தைப் பார்த்தேன். இவர் வண்டிப் பக்கம் குனிந்தார். ஃபேன் நின்றது. கொஞ்ச நேரத்தில் மறுபடி சுற்றியது. இரண்டாம் முறையும் அது நிற்கும் வரை பொறுத்திருந்து பார்த்தார்.

பிறகு சட்டைப் பையிலிருந்து மார்க்கரை எடுத்து, என் மஞ்சள் கோட்டுக்குப் பக்கத்தில் பச்சையில் ஒரு கோடு இழுத்தார்.

"மன்னிச்சிக்குங்க. இது விக்கறதுக்கு இல்லீங்க" என்றார்.