சம்பந்தி குளத்தில் போட்ட வண்டி

என் சம்பந்தியின் மோட்டார் சைக்கிளை அந்த வெள்ளிக்கிழமை காலையில் நான் பார்த்தபோது அது ஒரு குளத்துக்குள் இருந்தது. கைப்பிடியின் ஒரு முனையும் அதில் கட்டிய நைலான் கயிறும் மட்டும் தண்ணீருக்கு மேலே தெரிந்தன. கயிற்றின் மறுமுனை கரையிலிருந்த பூவரச மரத்தில் கட்டப்பட்டிருந்தது, மாட்டைக் கட்டுவது போல. நான் அனல்மின் நிலையத்தின் பராமரிப்புப் பிரிவில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இயந்திரங்களை மனிதர்கள் என்னென்ன பாடு படுத்துவார்கள் என்பதை ஓரளவு பார்த்திருக்கிறேன். ஊறுகாய் போல ஊறப்போட்டுப் பார்த்தது அதுதான் முதல் தடவை.

சம்பந்தி என் பெண்ணின் மாமனார். பழவேற்காடு ஏரிக்கரையில் நண்டு வாங்கி விற்பவர். ஏரிக்குள் இறங்கிக் கையால் தடவி நண்டு பிடிக்கிற பெண்களிடம் விடிந்ததும் வாங்கி, வெயில் ஏறுவதற்குள் பொன்னேரி சந்தையில் கொண்டுபோய் இறக்கிவிட வேண்டும். உயிரோடு போய்ச் சேர்ந்தால்தான் நண்டு. வழியில் செத்துவிட்டால் பூனைகூடத் திரும்பிப் பார்க்காது. அதற்குத்தான் அந்த வண்டி. எதிர்க்கரைத் தீவிலும் வாங்குவார் என்பதால் சில நாள் வண்டியைப் படகில் ஏற்றிக்கொண்டு போவார். அப்படிப் போன ஒரு நாள் படகு சாய்ந்து, வண்டியும் அவரும் ஏரிக்குள் விழுந்தார்கள். இடுப்பளவுத் தண்ணீர்தான் என்றாலும் வண்டி மேலே சரிந்ததில் அவருக்குத் தோளில் நல்ல அடி. மறுநாள் நான்கு பேர் சேர்ந்து வண்டியைத் தூக்கினார்கள். அவர் பெட்ரோல் டேங்கைக் கழற்றினார், இஞ்சின் ஆயிலை வடித்தார், பிறகு வண்டியைத் தள்ளிக்கொண்டு போய் நல்ல தண்ணீர்க் குளத்தில் இறக்கிவிட்டார். ஊரே சிரித்தது.

படகு மோட்டார் உப்புத் தண்ணீரில் விழுந்தால் அங்கே அப்படித்தான் செய்வார்கள். பிரித்துப் பார்க்க ஆள் கிடைக்கும் வரை நல்ல தண்ணீரில் போட்டு வைப்பார்கள். அந்த வழக்கத்தை மோட்டார் சைக்கிளுக்கும் நீட்டியவர் எனக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

"காத்து பட்டாத்தான் சம்பந்தி துரு. தண்ணிக்குள்ள கெடந்தா ஒண்ணியும் ஆவாது" என்றார், கரையில் குந்தியபடி. பதினோரு நாள் கிடந்திருந்தது.

நான் அங்கே வேடிக்கை பார்க்கப் போகவில்லை. முந்தின நாள், புருஷனோடு வெளியூரில் இருக்கும் என் பெண் மீஞ்சூரில் என் வீட்டுக்குப் போன் செய்திருந்தாள். காட்டுப்பள்ளிப் பக்கம் ஒரு கிடங்கில் அவள் மாமனாருக்குக் காவலாளி வேலை. நிழலில் உட்கார்ந்து வருகிற லாரியின் எண்ணை எழுதினால் போதும். பழைய சகா ஒருவரிடம் சொல்லி அதை ஏற்பாடு செய்ததே நான்தான். திங்கட்கிழமை சேர வேண்டும். "அந்த வண்டி இருக்கிற வரைக்கும் அவர் போக மாட்டார்ப்பா. நீங்க பாத்துட்டு, இது தேறாதுன்னு சொல்லிடுங்க. நீங்க சொன்னா கேப்பாரு" என்றாள். அறுபத்திரண்டு வயதில், ஒரு தோள் சரியாகத் தூக்க முடியாத நிலையில், நாற்பது கிலோ நண்டைப் பின்னால் கட்டிக்கொண்டு தினமும் பொன்னேரி போகிற மனிதரைப் பற்றி மருமகள் கவலைப்படுவதில் தவறு ஒன்றும் இல்லை. நானும் அவள் கட்சிதான். வழியில் பேருந்தில் உட்கார்ந்து சொல்ல வேண்டிய வாக்கியத்தை இரண்டு தடவை மனத்துக்குள் ஒத்திகைகூடப் பார்த்துக்கொண்டேன்.

வண்டியைக் கரையேற்றியதும் சம்பந்தியே ஆரம்பித்தார். "மருமவ அனுப்பிச்சிருக்குதுன்னு தெரியும். வண்டி செத்துப்போச்சின்னு சொல்லத்தானே வந்தீங்க? பாத்துட்டு சொல்லுங்க. நீங்க சொல்லிட்டீங்கன்னா திங்கக்கெயமை தொப்பியப் போட்டுக்கினு போய் குந்திக்கிறேன். பாக்காம மட்டும் சொல்லாதீங்க."

இப்படிச் சொல்லாமல் இருந்திருந்தால் அன்று மதியமே ஊர் திரும்பியிருப்பேன். எங்கள் நிலையத்தில் ஒரு பம்பைக் கழித்துக் கட்டுவதென்றாலும் அதற்கு ஒரு படிவம் உண்டு. என்னென்ன முயன்று பார்த்தோம் என்று வரிசையாக எழுதிய பிறகுதான் கையெழுத்து. பார்க்காமல் கையெழுத்துப் போட்ட பொறியாளர்களை நான் எவ்வளவு ஏளனம் செய்திருக்கிறேன் என்பது எனக்கே தெரியும். சட்டையைக் கழற்றிப் பூவரச மரத்தில் மாட்டினேன்.

கிக்கரை மிதித்தால் கல்லை மிதித்தது போல இருந்தது. பிஸ்டன் சிலிண்டருக்குள் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். இதில் முதல் விதி, மேற்கொண்டு மிதிக்காதே; மிதித்தால் கிக்கரின் பல் உடையும். ஸ்பார்க் பிளக்கைச் சுற்றித் துரு இளக்கும் எண்ணெயை அடித்துவிட்டு அரை நாள் காத்திருந்தோம். மாலையில் அது முனகிக்கொண்டே கழன்றது. அந்த ஓட்டை வழியாக டீசலும் இஞ்சின் ஆயிலும் கலந்து உள்ளே ஊற்றி, இரவு முழுக்க ஊற விட்டோம். நான் அங்கேயே தங்கினேன். "பொண்ண எங்களுக்குக் குட்த்து ஆறு வருசத்துல இன்னிக்குத்தான் சம்பந்தி ராத்தங்குறாரு, அதுவும் வண்டிக்கோசரம்" என்று சம்பந்தியின் மனைவி இறாலை உரித்துக்கொண்டே சொன்னார். காதல் கல்யாணம் என்று முறுக்கிக்கொண்டு நான் விலகியிருந்த வருடங்கள் அவை. இன்னொரு தோசை கேட்டேன்.

சனிக்கிழமைதான் நான் அந்தத் தவற்றைச் செய்தேன். சிலிண்டர் தலையை ஸ்டட் என்கிற நான்கு நீண்ட மரைக் கம்பிகளும் அவற்றின் மேல் நட்டுகளும் பிடித்திருக்கும். மூன்று நட்டு வந்துவிட்டது. நான்காவது அசையவில்லை. ஸ்பானரின் வாலில் ஒரு இரும்புக் குழாயைச் செருகி, நெம்புகோலை நீளமாக்கி இழுத்தேன். இதே காரியத்துக்காக எத்தனையோ தொழிலாளிகளுக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்தவன் நான். 'டப்' என்று ஒரு சத்தம் கேட்டது. ஸ்டட் ஒடிந்து பாதி என் கையில் வந்தது.

சம்பந்தி அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபப்படவில்லை. "வலை அடியில கட்டையில மாட்டிக்கினா நாங்க இஸ்க்க மாட்டோம். படகத் திருப்பி, வந்த வழியிலயே கொஞ்சம் பின்னால போவோம். அப்பத்தான் அதுவா உட்டுக் குடுக்கும். நீங்க ஒரே பக்கமா இஸ்த்தீங்க" என்றார்.

இறுகிய நட்டை முதலில் இம்மியளவு இறுக்கு, பிறகு தளர்த்து, மறுபடி இறுக்கு என்பது எங்கள் நிலையத்துக் கையேட்டிலேயே இருந்தது. அந்தப் பத்தியை எழுதியவனும் நான்தான். அதை அவரிடம் சொல்லவில்லை.

ஒடிந்த ஸ்டட்டின் மிச்சம் இஞ்சினுக்குள் இருந்தது. அதன் தலையில் ஒரு நட்டை வைத்து வெல்டிங் செய்தால் பிடிக்க இடம் கிடைக்கும், சூட்டில் துருவும் விடும். வெல்டிங் கடை படகு கட்டுகிற இடத்தில், அரை மைலுக்கு அப்பால். இஞ்சினைச் சட்டத்திலிருந்து இறக்கி, நண்டுப் பெட்டியில் வைத்து, கயிறு கட்டி, துடுப்புக் கட்டையில் கோத்து, ஆளுக்கு ஒரு முனையாகத் தூக்கினோம். அவருக்கு அடிபடாத இடது தோள், எனக்கு வலது. கடைத்தெருவில் கூடையோடு நின்றிருந்த நண்டுக்காரப் பெண் ஒருத்தி சத்தமாகவே கேட்டாள்: "இன்னா நைனா, சம்பந்திங்க ரெண்டு பேரும் சீரு தூக்கினு போறீங்களா?"

"ஆமா, கல்யாணத்துக்கு வராத சீரு இப்பத்தான் வருது" என்றார் சம்பந்தி.

தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன் என்றுதான் நினைக்கிறேன். மூச்சு வாங்கியதில் சரியாக நினைவில்லை. அந்தப் பெண் சிரித்து முடித்ததும் கூட வந்தாள். "நீ போலனா எங்க நண்ட ஏரிக்கர யாவாரிங்க வெலய அட்ச்சிக் கேக்குறாங்க நைனா. வண்டி எப்ப வரும்?" என்றாள். சம்பந்தி என் பக்கம் முகத்தைத் திருப்பினார். அவளும் என்னைப் பார்த்தாள். நான் கட்டையைத் தோள் மாற்றிக்கொண்டேன்.

வெல்டிங் சூட்டில் மிச்ச ஸ்டட் கழன்று வந்தது. ஞாயிற்றுக்கிழமை சிலிண்டர் தலையைத் தூக்கியபோது உள்ளே துருக் குகையைத்தான் எதிர்பார்த்தேன். உப்பில் விழுந்து வெயிலில் நின்றிருந்தால் அப்படித்தான் இருந்திருக்கும். சிலிண்டரின் சுவர் கிட்டத்தட்டச் சுத்தமாக இருந்தது. எங்கோ ஓரத்தில் காற்று தங்கிய இடத்தில் மட்டும் விரலகலத்துக்குத் துரு வளையம். குளம் தன் வேலையைச் செய்திருந்தது. மறுபக்கம், வயரிங் மொத்தமும் போயிருந்தது, கிளட்ச் தட்டுகள் அப்பளக் கட்டு போல ஒட்டிக்கொண்டிருந்தன. அவர் செய்தது முழுச் சரியும் இல்லை, ஊர் சிரித்தது போல முழு முட்டாள்தனமும் இல்லை.

பிஸ்டன் மேல் வேப்பங்கட்டையை வைத்து மெல்லத் தட்டினோம். அசைவு எதுவும் இல்லை. இன்னும் கொஞ்சம் எண்ணெய். நான் ஒரு தட்டு, அவர் அடியிலிருந்து கிராங்கைப் பிடித்துப் பின்னோக்கி ஒரு திருப்பு. முன்னால் மயிரிழை, பின்னால் மயிரிழை. பத்து மணிக்குத் தொடங்கியது, பதினொன்றரைக்கு நெல்மணி அளவு அசைந்தது. அசைந்துவிட்டது என்று முதலில் சொன்னவர் அவர். நான் நம்பாமல் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு மறுபடி தட்டினேன். கோடு இறங்கியது.

பிறகு எல்லாம் வெறும் உழைப்பு. பொன்னேரியிலிருந்து புது ஸ்டட், கேஸ்கெட், கிளட்ச் தட்டுகள், காயில், வயர். மாலை ஐந்து மணிக்கு அவர் மிதித்தார். பதினேழாவது மிதிக்கு வண்டி இருமி, வெள்ளையாகப் புகை கக்கி, ஓடத் தொடங்கியது.

அவர் நன்றி சொல்லவில்லை. இஞ்சினை அணைத்துவிட்டு, "அப்ப இன்னா சொல்றீங்க?" என்றார். மூன்று நாளும் அவர் இதற்குத்தான் காத்திருந்தார். இப்போதும் நான் "தேறாது" என்று சொல்லியிருந்தால் அவர் போயிருப்பார். வாக்கு மாறுகிற ஆள் இல்லை.

"ஓடும்" என்றேன்.

பெண்ணுக்கு நானே போன் செய்தேன். "அவர் மறுபடியும் விழுந்தா?" என்றாள். இதற்கு எந்தக் கையேட்டிலும் பக்கம் கிடையாது. "என்னைக் கேளு" என்றேன். "கேப்பேன்" என்றாள். கிடங்கு வேலைக்கு ஆள் வரவில்லை என்று பழைய சகாவுக்குச் சொல்லி, அவரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டதும் நான்தான்.

இது நடந்து மூன்று வருடம் ஆகிறது. சம்பந்திக்கு இரண்டு நிபந்தனைகள் போட்டேன். வண்டி படகில் ஏறக் கூடாது. தினமும் பொன்னேரி சேர்ந்ததும் எனக்கு ஒரு மிஸ்டு கால் தர வேண்டும். ஏழரை மணிக்குப் போன் இரண்டு தடவை அடித்து நிற்கும். இன்று காலை ஏழே முக்கால் வரை வரவில்லை. செய்தித்தாளை மடித்து வைத்தேன். எட்டு மணிக்குச் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்துவிட்டேன். எட்டு ஐந்துக்கு அடித்தது. இந்தத் தடவை நிற்காமல் அடித்ததால் எடுத்தேன்.

"ரயில்வே கேட்ட மூடிட்டான் சம்பந்தி, கூட்ஸு வண்டி நின்னுக்கினு கீது. பயந்துட்டீங்களா?"

"நான் எதுக்குப் பயப்படறேன்" என்றேன்.

வைத்த மறு நிமிடம் மறுபடி மணி அடித்தது. என் பெண்.

"போன் வந்துடுச்சாப்பா?"

"வந்துடுச்சும்மா."